நூன் ஷோ மாமி

"கேட்டியோடா? பொண்ணு போய் முழுசா நாலு மாசம் ஆகலே. விசாலாக்ஷி வாரத்துக்கு மூணு நாள் நூன் ஷோ போறாளாம்!"

கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே அம்மா சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த குருபிரசாத் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"சினிமாவுக்கா?"

"பின்னே, கச்சேரிக்கா? அதுவும் காதல் படமாம். வருஷம் கூடத் திரும்பலே. தெருவே சிரிக்கறது."

எதிர்வீட்டு விசாலாக்ஷி மாமியின் ஒரே பெண் மாளவிகா. ஆவணியில் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாள். பத்தொன்பது வயது.

அவளைக் காதலித்தவன் குருபிரசாத். இந்த விஷயம் அவனுக்கும் அவனுடைய கல்லூரித் தோழன் காஷிஃபுக்கும் மட்டும்தான் தெரியும். மாளவிகாவுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்தில் அவளோடு இரண்டு தடவை பேசியிருக்கிறான். ஒரு தடவை, "உங்காத்துப் பேப்பரை எங்காத்துல போட்டுட்டான்." இன்னொரு தடவை, "பரவாயில்லே." மூன்றாவது தடவைக்குத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தபோது காமாலை முந்திக்கொண்டது.

அதற்காக அவன் துக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. தாடி வளர்த்தான். கன்னத்தில் இரண்டு திட்டும் மோவாயில் கொஞ்சமுமாகத்தான் வந்தது. அந்தச் சமயத்தில் எடுத்த பஸ் பாஸ் போட்டோவைப் பார்த்தால் இன்றைக்கும் அவனே விழுந்து விழுந்து சிரிப்பான்.

"இன்னா மச்சி, மூஞ்சில எறும்பு மொய்ச்சாப்ல கீது. போய் ஷேவ் பண்ணுடா" என்றான் காஷிஃப்.

"என் துக்கம் உனக்குப் புரியாதுடா."

தொண்ணூற்று மூன்று தீபாவளிக்கு வந்த அந்தக் காதல் படத்தையும் ஏழு தடவை பார்த்தான். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி செத்துப்போவாள். கதாநாயகன் மழையில் நின்று அழுவான். குருபிரசாத் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அழுவான்.

இப்படி ஊரான் வீட்டுப் பிள்ளை ஒருத்தன் உருகிக்கொண்டிருக்க, பெற்றவள் பொழுதுபோக்கிக்கொண்டிருக்கிறாளா? மாளவிகாவுக்காக அழும் பொறுப்பு மொத்தமும் தன் தலையில் விழுந்துவிட்டதாக அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மாமியின் பின்னாலேயே போனான். மாமி மாட வீதியைக் கடந்து, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, தியேட்டருக்குள் நுழைந்து லேடீஸ் க்யூவில் நின்றாள். அவன் ஏழு தடவை பார்த்த அதே படம்.

இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான். திரையைப் பார்க்கவில்லை, அது மனப்பாடம். மாமியைத்தான் பார்த்தான்.

முதல் அரைமணி நேரம் மாமி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். கடற்கரைப் பாட்டு ஆரம்பித்ததும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பாட்டு முடிந்தது. துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள்.

பாட்டுக்காகவா வருகிறாள்! அந்தக் கதாநாயகி சாவதைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூட இவளுக்குப் பொறுமை இல்லையா?

ஓடிப்போய் சோடாக் கடை அருகே வழிமறித்தான்.

"மாமி, உங்களுக்கே இது நன்னா இருக்கா? மாளவிகா போய் நாலு மாசம்கூட ஆகலே. பாட்டும் கூத்தும் பார்க்க எப்படி மனசு வரது?"

இன்னும் நிறையத் தயாரித்து வைத்திருந்தான்.

மாமிக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவன் தாடியை உற்றுப் பார்த்தாள்.

"எதிராத்துக் குருவா? நீயும் அவளைப் பார்க்கத்தான் வந்தியா?"

"யாரை மாமி?"

"மாளுவைத்தான். போன மார்கழில பெசன்ட் நகர் பீச்சுக்கு ஷூட்டிங் பார்க்கப் போனா. வேடிக்கை பார்த்தவாளையெல்லாம் ஹீரோயினுக்குப் பின்னால நடக்கச் சொன்னாளாம். இவளும் நடந்திருக்கா. 'படம் வந்தா நாம ரெண்டு பேரும் போகணும்மா'ன்னு ஆத்துக்கு வந்து ஒரே குதி. படம் வந்துடுத்து. அவதான் இல்லே."

மாமி துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டாவது சரணத்துல வருவாளே, மாம்பழக் கலர் தாவணி. ஐஸ் வண்டியைத் தாண்டி வந்துண்டிருப்பா. மூணு எண்ணறதுக்குள்ள போயிடுவா. அதுக்கப்புறம் யாரோ ஒரு பொண்ணு சாகறதை நான் எதுக்குப் பார்க்கணும்? எழுந்து வந்துடுவேன்."

அவன் பக்கம் நன்றாகத் திரும்பிக் கேட்டாள்.

"நீ எத்தனை தடவை பார்த்தே?"

"ஏ... ஏழு தடவை."

"ஏழு தடவையா!" மாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு மேல உனக்கு இத்தனை பிரியமாடா? நான் பாவி, அந்த இடம் வந்தாலே கண்ணுல ஜலம் முட்டிண்டு எல்லாம் கலங்கிப் போயிடறது. இன்னி வரைக்கும் அவ மூஞ்சியை முழுசாப் பார்க்கலே. நீ நன்னாப் பார்த்திருப்பியே. சொல்லு குரு, நம்ம பக்கம் திரும்பறப்போ அவ சிரிக்கறாளா?"

அந்தப் பாட்டில் கதாநாயகி போட்டிருந்த ஜிமிக்கிகூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்குப் பின்னால் யார் நடந்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"சிரிக்கறா மாமி" என்றான், ஏழு தடவையும் கதாநாயகியை விட்டுக் கண்ணை எடுக்காத குருபிரசாத்.