தலைவரின் தாடி

“முதல்ல கத்தியைக் கீழே வை, ரோஸ்வீத்தா. அப்புறம் சிரி.”

“உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாரு லோதார், நீயும் சிரிப்பே. சோப்பு நுரை காதுக்குள்ள வரைக்கும் போயிருக்கு.”

குளியலறையில் சமையலறை நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் லோதார். இரண்டு கைகளிலும் முழங்கை வரை மாவுக்கட்டு. போன வாரம் மழை ஈரத்தில் சைக்கிள் சறுக்கி, இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்ததன் பலன்.

இன்று காலை பதினோரு மணிக்கு, கத்திகளுக்குப் பேர்போன அவர்கள் ஊரான ஸோலிங்கனின் சவரக்கத்தி ஆர்வலர் சங்கத்தின் ஆண்டு விழா. லோதார்தான் தலைவர். மடக்குக் கத்தியால் சவரம் செய்வது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசப்போகிறான். கேட்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஒரு வாரத் தாடியோடு போய் அதைப் பேச முடியுமா?

“ஞாயித்துக்கிழமை, ஒரு சலூனும் திறந்திருக்காது. பெட்ரோல் பங்க்ல பிளாஸ்டிக் ரேசர் கிடைக்கும். ஓடிப்போய் வாங்கிட்டு வரவா?” என்றாள் ரோஸ்வீத்தா.

“பிளாஸ்டிக்கா! நீ அதை வாங்குறதை எவனாவது பார்த்தா, அப்புறம் இந்த ஊர்ல நான் தலை காட்ட முடியுமா? கண்ணாடி அலமாரி நிறைய கத்தி வெச்சிருக்கேன். அதுல ஒண்ணுதானே உன் கையில இருக்கு, அதாலேயே பண்ணேன்.”

“நான் பஸ் ஓட்டுறவ. கழுத்தறுத்துப் பழக்கமில்ல. நீ ஷேவ் பண்றதைக்கூட ஒரு தடவையும் பார்த்ததில்ல. நான் விடியறதுக்கு முன்னாடியே டிப்போவுக்குப் போயிடறேன். லீவு நாள்னா நீ கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கறே.”

“இதுக்கு மனசு ஒருமுகப்படணும். பக்கத்துல ஆள் இருந்தா சரிப்படாது. சரி, நான் சொல்லச் சொல்ல செய். முதல்ல தோல்வார்ல தீட்டு. கத்தியோட முதுகுப் பக்கம் முன்னால போகணும், கூர் பின்னால வரணும். திருப்பும்போது முதுகு மேல உருட்டு. ஆங், அப்படித்தான்.”

தோலின் மீது கத்தி சரக் சரக்கென்று போய் வந்தது. சத்தம் வர வர லோதாரின் கால் விரல்கள் மடங்கிக்கொண்டே போயின.

“கால் விரலை ஏன் இப்படி மடக்கிக்கறே?”

“தரை சில்லுனு இருக்கு. இப்ப இடது கையால கன்னத்தை மேல இழுத்துப் பிடி. கத்தியை ரொம்பப் படுக்க வெக்காதே, ரொம்ப நிமிர்த்தாதே. முடி வளர்ற திசையிலேயே இறக்கு. அழுத்தாதே. பக்கவாட்டுல மட்டும் நகர்த்திடாதே!”

“நகர்த்தினா?”

“பேச்சைத் துணைத்தலைவர்தான் பேசணும்.”

ரோஸ்வீத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை வைத்தாள். லோதார் கண்களை இறுக மூடிக்கொண்டான். மெல்லிய சரசரப்போடு கத்தி இறங்கியது. நுரை விலகிய இடத்தில் ரோஜா நிறத்தில் கன்னம் தெரிந்தது.

“அட!” என்றாள் அவள். “வருது லோதார்!”

“ரத்தமா?”

“தாடி!”

அதன்பிறகு அவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்குத் தாவினாள். தாடை வளைவில் வேகத்தைக் குறைத்தாள். “வளைவுல அவசரப்படக் கூடாது. புதுசா வர்ற டிரைவருங்களுக்கெல்லாம் நான் சொல்றது இதுதான்.”

காதுக்குக் கீழே மட்டும் சுருக்கென்றது.

“செத்தேன்!”

“கடுகளவு கீறல். இதுக்கா இந்தக் கூப்பாடு? சங்கத் தலைவரே, படிகாரம் எங்கே?”

படிகாரக் கல்லை வைத்து அழுத்தியதில் இன்னொரு கூப்பாடு வந்தது. பிறகு அவள் அவன் மூக்கு நுனியைப் பிடித்துத் தூக்கி, மேலுதட்டை முடித்தாள். கழுத்துதான் பாக்கி. கத்தியைத் தொண்டைக் குமிழின் மேல் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“லோதார், எங்க அம்மா இந்தக் கோடை முழுக்க நம்ம வீட்டுல வந்து தங்கட்டுமா?”

அவனால் தலையசைக்க முடியவில்லை. எச்சில் விழுங்கவும் முடியவில்லை.

“ம்ம்ம்…” என்றான்.

“ரொம்ப நன்றி. நீ இப்படி உடனே ஒத்துக்குவேன்னு நினைக்கல.”

கடைசிக் கோடும் இறங்கியது. குளிர்ந்த நீரால் முகத்தைத் துடைத்துவிட்டு, புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பெருமையில் அங்கேயே ஒரு முத்தமும் வைத்தாள்.

லோதார் எழுந்து கண்ணாடியின் அருகே போனான். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளால் தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“என்னப்பா, பிடிக்கலையா?”

“பிரமாதமா இருக்கு, ரோஸ்வீத்தா. முதல் தடவைன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான்.”

“சொல்லிக் கொடுத்தவன் அப்படி. சரி, கிளம்பு. நேரமாச்சு.”

அவள் அவனுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். கழுத்துப்பட்டையைச் சரி செய்தாள். வாசல் வரை போனவன் நின்றான்.

“இந்த மாவுக்கட்டை அடுத்த மாசம் பிரிச்சிடுவாங்க இல்ல?”

“ஆமா. அப்புறம் நீயாச்சு, உன் கத்தியாச்சு.”

வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“பிரிச்சதும் இதை எனக்கும் கொஞ்சம் கத்துக்கொடுப்பியா? நான் உனக்குச் சொன்னதெல்லாம் புத்தகத்துல படிச்சது. இன்னிக்கு வரைக்கும் இந்த மூஞ்சி பார்த்தது எலெக்ட்ரிக் ஷேவர் ஒண்ணைத்தான்.”