வினைச்சொல் முன்னால் வரட்டும்

“இன்னா சொல்றா எம் பொண்ணு?”

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் செண்பகம் கேட்டாள்.

“அம்மா சாப்ட்டாங்களான்னு கேக்கறா அத்தே,” என்றான் ஜேக்கப்.

பச்சைப் பொய். பொன்மலரின் விரல்கள் கேட்டது வேறு.

“சாப்ட்டேன்னு சொல்லுங்க மாப்ளே.”

செண்பகம் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜேக்கப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற வயிறு இவ்வளவு சுலபமாகவா சமாதானம் ஆகும்?

ஆறு மாதத்துக்கு முன்னால் பிரசவத்தில் ஜன்னி வந்தது. குழந்தை தங்கவில்லை. பொன்மலருக்குப் பேச்சு போயிற்று, கைகால் போயிற்று. மிச்சம், வலது கை விரல்கள் மட்டும். வண்டி கட்டி வேலூர் வரை தூக்கிக்கொண்டு போயும், வெள்ளைக்கார டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

ஜேக்கப் விடவில்லை. ஆம்பூர் தோல் ஷாப்பில் பகலெல்லாம் தோல் ஊறும் பட்டைத் தொட்டியில் நின்றுவிட்டு வந்து, அவள் விரல்களுக்கென்று ஒரு பாஷை கட்டினான். கட்டைவிரல் மடங்கினால் ‘வேண்டும்’. சுண்டுவிரல் அசைந்தால் ‘நான்’. இரண்டு விரல் சேர்ந்தால் ‘தண்ணீர்’.

முதலில் நம் பேச்சு மாதிரியே அடுக்கினான். நான், தண்ணீர், வேண்டும். ஆனால் ‘தண்ணீர்’ வந்ததுமே அவள் கை சோர்ந்து விழுந்துவிடும். வேண்டுமா, வேண்டாமா? வேண்டாமென்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளைத் தாகத்தில் தவிக்க விட்டான், பாவி.

அன்றைக்கே வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டினான். வினைச்சொல் முன்னால். மற்றதெல்லாம் பின்னால்.

விரல்கள் பழகியதும் பொன்மலர் தானாக ஒரு வாக்கியம் கட்டினாள்.

அனுப்பு. என்னை. பாப்பாகிட்ட.

அன்றிலிருந்து தினமும் அதேதான். இதை எந்த வாயால் பெற்றவளிடம் சொல்வது? வாய்க்கு வந்ததை அளந்தான். ரசம் நன்றாக இருந்ததாம். தலை பின்னிவிட வேண்டுமாம். செண்பகமும் தலையாட்டிவிட்டு எழுந்து போவாள்.

“நீங்களும் கத்துக்கலாமே அத்தே,” என்று ஒருநாள் ஒப்புக்குச் சொல்லி வைத்தான். சரி என்றுவிடுவாளோ என்று உள்ளுக்குள் உதறல்.

“எனக்கு வாய் பாஷையே தகராறு. விரல் பாஷை ஒண்ணுதான் கொறைச்சலா?”

கல் மனசு என்று நினைத்துக்கொண்டான். அந்த மூன்று சொல்லையும் தனியாகவே சுமந்தான். சொல்லி அழ அவனுக்கு ஒருத்தர் இல்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட தோலையெல்லாம் அள்ளி உள்ளே போட்டதும், மேஸ்திரி எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

நனைந்தபடி வந்த ஜேக்கப், கதவருகிலேயே நின்றுவிட்டான்.

கட்டிலில் பொன்மலரின் விரல்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் செண்பகம். முகமெல்லாம் கண்ணீர்.

அவள் மகளின் கண்ணுக்கு நேராகத் தன் கையைத் தூக்கினாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, நிமிர்ந்தன. ஒரு தடுமாற்றமில்லை.

கேள். என்னை.

கேட்காதே. அவரை.

தாங்கமாட்டார்.