சுவரில் ஒரு துளை

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து ரெஜினாவின் குரல் வெறும் காற்றாக மெலிந்துவிட்டது. ஹாலில் மீன்தொட்டியின் மோட்டார் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அவள் எது சொன்னாலும் கணவர் ஞானப்பிரகாசம் "என்னது?" என்பார். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று கையசைத்துவிடுவாள். நாளடைவில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்ததும் அவர் மோட்டாரையும் ஃபில்டரையும் கழற்றி, தொட்டியை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கமிருந்த கார் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். குழாய் நுழைக்க அங்கிருந்தே சுவரில் துளை போட்டார். குழாயோடு குனிந்தபோது துளைக்குள்ளிருந்து பேச்சு கேட்டது. ரெஜினா மீன்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஒரு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியாது இவருக்கு. எனக்காகச் சுவத்தையே ஒடைக்கிறாரு. சொல்றதுக்கு எவ்வளவோ இருக்கு, எங்க கேக்குது அவருக்கு?"

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டுத் துளையில் வாயை வைத்தார்.

"கேக்குது ரெஜி. சொல்லு."

அந்தப் பக்கம் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போடும் ஓசை.

"மொதல்ல அந்த நீலச் சட்டைய இனிமே போடாதீங்க," என்று தொடங்கினாள்.