ஓட்டவா, விற்கவா?

மனித உயிரின் விலை அந்தக் கார் உதிரிபாகக் கடையில் நாற்பதாயிரம். வாய் இருந்தால் முப்பத்தெட்டுக்கு முடிக்கலாம்.

"பறக்கிற கார் சார் இது. நிக்கலேன்னா நேரா மேலோகம்தான்!" என்று பிரேக் டிஸ்க்கையும் பேடையும் மேஜைமேல் பரப்பினார் கடைக்காரர். அப்புறம்தான் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஓட்டவா, விக்கவா?"

"விக்கத்தான். நாளைக்குக் கைமாறுது."

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா?"

நாற்பதாயிரம் அலமாரிக்குத் திரும்பியது. ஒன்பதாயிரம் கீழே இறங்கியது.

"பளபளன்னு இருக்கும் சார். பார்க்கிறவன் மயங்கிடுவான்."

"பிரேக் பிடிக்குமா?"

"மெதுவாப் போனா பிடிக்கும்."

"வாங்கறவர் பாவமில்லையா?"

"வாங்கறவன் என்ன, நமக்கு மாமனா மச்சானா?"

வந்தவர் பணத்தை எண்ணி வைத்தார். பில்லை வாங்கி மடித்துக்கொண்டே தயக்கத்துடன் சொன்னார்.

"மாமனும் இல்லை, மச்சானும் இல்லைங்க. உங்க மாப்பிள்ளை. 'என் சம்சாரம் ஓட்டப்போற வண்டி, பிரேக்கை எங்க மாமனார் கடையிலேயே வாங்கி மாத்திக் கொடுங்க'ன்னு அவர்தான் அனுப்பினார். முன்னாடியே சொன்னா விலையை ஏத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

கடைக்காரர் பில்லைப் பிடுங்கிக் கிழித்தார். ஸ்டூலில் ஏறி நாற்பதாயிரத்தை மறுபடி இறக்கினார். புது பில் எழுதினார்.

டிஸ்க் நான்கு, பேட் இரண்டு செட்: நாற்பதாயிரம். வரவு: ஒன்பதாயிரம். பாக்கி முப்பத்தோராயிரம்: மாமனார் பெயரில் பற்று.