குடிலின் அலமாரி

தேசியப் பூங்காவின் நடுவே ஏரியோரம் நிற்கும் இந்த மரக்குடிலில் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுவந்ததை அவரவரே திரும்ப எடுத்துப்போக வேண்டும். பின்லாந்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் சன்னலோர அலமாரி நிறைந்து கிடக்கிறது. சாய்வெயில் அதில் விழுந்து, பாதி உருகிய மெழுகுவர்த்தியையும் எலி கொறித்த நூடுல்ஸ் பொட்டலத்தையும்கூடப் பொன்னாக்குகிறது. சுத்தம் செய்ய வந்திருக்கும் தோழிகள் இருவரில் ஹெல்வி சாக்கைப் பிடித்துக்கொள்ள, ஸிர்க்கா ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறாள்.

“பாவம்டி, அடுத்து வர்றவங்களுக்கு உதவுமேன்னு வெச்சிருப்பாங்க,” என்கிறாள் ஹெல்வி.

“உதவிச்சே. எலிக்கு.”

காப்பி டப்பாவைத் திறந்து முகர்ந்ததும் ஸிர்க்காவின் கை சாக்கின் மேலேயே நின்றுவிடுகிறது. மணம் போகவில்லை. “இதைக் கார் வரைக்கும் யாரு சுமக்கிறது?” என்கிறாள். “குடிச்சிட்டா கனக்காது,” என்று ஹெல்வி அடுப்பில் சட்டென்று தீப்பிடிக்கும் பிர்ச் மரப்பட்டையைப் பற்றவைக்கிறாள். பட்டை சடசடவென்று சுருள்கிறது. படியில் உட்கார்ந்து இருவரும் ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். ஏரி அசையாமல் கிடக்கிறது. காலி டப்பா சாக்குக்குள் போகிறது.

புறப்படும்போது ஸிர்க்கா கதவருகே திரும்பிப் பார்க்கிறாள். துடைத்த அலமாரியில், வாய் மடித்து வைத்த அரை பாக்கெட் பிஸ்கட். ஹெல்வி வெளியே படியில் குனிந்து ஷூ கயிற்றை மும்முரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“ஏண்டி, எலிக்கு இன்னைக்குப் பிறந்தநாளா?”

ஹெல்வியின் முதுகு சிரிப்பில் குலுங்குகிறது. முகத்தைக் காட்டாமலே உள்ளே போய், பாக்கெட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.