தரையோடு எடுத்த வீடியோ

“இடத்தக் காட்டு, அட்வான்ஸ் வாங்கிக்கோ. காட்ட முடியாதுன்னா சொல்லிடு, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார் குமரேசன்.

விக்கிரவாண்டியில் அவர் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்கு முன்னால், செம்மண் கொட்டிய காலி இடத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். முப்பத்தைந்து நாளில் அங்கே புல்வெளி வந்தாக வேண்டும். மண்டபத்தில் நடக்கப்போகும் முதல் கல்யாணமே அவர் மகள் கலைமதியுடையதுதான்.

தோட்டம் போட்டுக் கொடுக்கும் அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சட்டைப் பையில் கைக்கு அடக்கமான ஒரு சின்ன கேமரா துருத்திக்கொண்டிருந்தது. முடித்துக் கொடுத்த தோட்டங்களை அதில் வீடியோ எடுத்து நெட்டில் போட்டுத்தான் அவன் வேலை பிடிப்பது.

“கண்டமங்கலத்துல ஒரு டாக்டர் வூடு இருக்குது சார். பத்து சென்ட்டுக்கு லான் போட்டேன். அத வந்து பாருங்க.”

“அந்த வீடியோவையும் பாத்தேன். கிணத்துல வாளி ஆடற மாதிரி ஆடுது. நீ எடுத்தது மொத்தமும் அப்படித்தான்யா. இது ஒண்ணுதான் அசையாம நிக்குது.”

குமரேசன் செல்போனை நீட்டினார். இரண்டு நிமிட வீடியோ. திரை முழுக்கப் பச்சைப் புல். நுனிக்கு நுனி பனித்துளி. அதற்குப் பின்னால் மஞ்சளும் ஊதாவுமாக டேபிள் ரோஸ். ஆள் இல்லை, பேச்சு இல்லை. எங்கோ ஒரு புறா மட்டும் குனுகிக்கொண்டிருந்தது. இதே மாதிரிதான் வேண்டும், இதில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வேன் என்று கலைமதி ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

“இது நீ எடுத்ததுதானா? இல்ல, வெளிநாட்டுக்காரன் எவனாச்சும் எடுத்ததச் சுட்டுப் போட்டியா?”

“நான் எடுத்ததுதான் சார். திண்டிவனத்தாண்ட. புல்லும் நான் வச்சதுதான்.”

“அப்ப காட்றதுக்கு என்ன பேஜாரு?”

“அத நெட்டுல போடணும்னு எடுக்கல சார். மச்சான் கேமராவுல இருந்ததயெல்லாம் மொத்தமா ஏத்திட்டான்.”

“அழிச்சிருக்கலாமே.”

“அழிக்கத்தான் போனேன். வூட்டுல வேணான்னுட்டாங்க. இருக்கட்டும், நாலு பேரு பாக்கட்டும்னு...” துருத்திக்கொண்டிருந்த கேமராவைப் பைக்குள் அழுத்தி விட்டுக்கொண்டான்.

பொய் சொல்கிறவன் இப்படித்தான் பாதியில் நிறுத்துவான் என்று குமரேசன் நினைத்தார். போன மாதம் டைல்ஸ்காரன் ஒருவன் யார் வீட்டுத் தரையையோ தன் வேலை என்று காட்டி ஏமாற்றியிருந்தான். இன்னொரு தடவை ஏமாற அவர் தயாராக இல்லை.

“இத வுட்டா எனக்கு இவ்ளோ பெரிய வேல வராது சார். மறுபடியும் சித்தாள் வேலைக்குத்தான் போவணும்” என்றான் அமலதாஸ். “ஆனா அதக் காட்டி அட்வான்ஸ் வாங்கக் கூடாது சார்.”

“அப்படி ஒரு தோட்டமே இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்.”

அமலதாஸ் சட்டென்று நிமிர்ந்தான்.

“இருக்குது சார். வாங்க.”

கார் டோல்கேட்டைத் தாண்டியது.

“எத்தினி சென்ட்டு இருக்கும்?”

“சின்ன எடம் சார்.”

“வீடியோவுல அரை ஏக்கர் மாதிரி தெரியுதே.”

“கேமராவத் தரையோட வச்சி எடுத்தேன். அப்படி எடுத்தா பெருசாத் தெரியும்.”

“குந்திக்கினா எடுத்த?”

“படுத்துக்கினு சார்.”

குமரேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சட்டையெல்லாம் சேறாயிருக்குமேய்யா.”

“ஆச்சு சார்.”

“மனுஷன் கால் பட்ட புல்லு மாதிரியே இல்லியே அது.”

“யாரும் மேல கால் வைக்க மாட்டாங்க. பக்கத்துல வந்து நிப்பாங்க, போயிடுவாங்க.”

“மெஷின்லயா வெட்டற?”

“இல்ல சார். வூட்டுல கத்தரிக்கோலால வெட்டிக்கினு இருப்பாங்க. மெஷின் சத்தம் வேணாம்பாங்க.”

“நல்ல ஆளுங்கய்யா நீங்க. எங்க கல்யாணத்துல ஐந்நூறு பேரு ஏறி மிதிப்பான். புள்ளைங்க உருண்டு பொரளும். தாங்குமா?”

“மிதிக்கட்டும் சார். புல்லு அதுக்குத்தான” என்றான் அமலதாஸ், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

திண்டிவனம் ஊருக்குள் நுழையாமல் ஒரு மண்ரோட்டில் திரும்பச் சொன்னான். நீளமான காம்பவுண்டுச் சுவர். அதில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அமலதாஸ் செருப்பை வெளியிலேயே கழற்றி விட்டான்.

“உள்ள நாய் கீய் இருக்குதா?”

“இல்ல சார்.”

அந்த நேரம் பார்த்துக் கலைமதி கூப்பிட்டாள். குமரேசன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே அவன் பின்னால் நுழைந்தார்.

“அப்பா, போய்ட்டியா? நெசமாவே இருக்குதா அது?”

கதவுக்கு வலப்பக்கத்திலேயே இருந்தது. அதே புல். அதே மஞ்சள், அதே ஊதா. முட்டிபோட்டுக் கத்தரிக்கோலால் புல் நுனியை வெட்டிக்கொண்டிருந்த அமலதாஸின் மனைவி அமல்ராணி, ஆள் வருவதைப் பார்த்து எழுந்து ஒதுங்கினாள்.

“இருக்குதும்மா” என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

“நானும் மாப்ளயும் சேந்து நிக்க எடம் பத்துமாப்பா?”

நான்கடி நீளம், இரண்டடி அகலம்தான் இருந்தது அந்தத் தோட்டம். அதன் தலைமாட்டில் நட்டிருந்த வெள்ளைச் சிலுவையில், ‘அ. ஆஷ்லின், வயது ஆறு’ என்று எழுதியிருந்தது.