பள்ளத்திலிருந்து வந்த சைகை

மெல்பர்ன் துப்பாக்கிச் சங்க அணியில் ஒரே இடம்தான் இருந்தது. அதற்கான மறுநாள் போட்டிக்கு நித்தியானந்தனிடம் சின்னத் தோட்டாவுக்கு ஒன்று, பெரிய தோட்டாவுக்கு ஒன்று என இரண்டு புது ரைபிள்கள் இருந்தன, விக்னராஜாவிடம் ஒன்றுமில்லை.

"எனக்கு வேண்டாததை நீ எடு. அதை வைச்சு என்னை வெல்லப்போறியோ?" என்று நித்தியானந்தன் சிரித்தான்.

"சின்னத் தோட்டா தோளை உதைக்காது, ஆனா எண்ணூறு மீற்றரில காத்து தள்ளிப்போடும். பெரிசு காத்தை வெட்டிப் போகும், உதைதான் பொல்லாதது," என்று விக்னராஜா விளக்கினான். "ரெண்டிலயும் சுடு மச்சான். நான் இலக்குக்குக் கீழ பள்ளத்தில நிண்டு, பட்ட இடத்தைக் காட்டுறன்."

சின்னத் தோட்டாக்கள் எல்லாமே தவறியதாகச் சைகை வந்தது. பெரியவை எல்லாமே நடுப்புள்ளி.

"பெரிசு எனக்கு!" நித்தியானந்தன் துள்ளினான். "சின்னதை நீ கொண்டுபோ, பாவம்."

"சரி மச்சான்," என்றபடி விக்னராஜா விரலில் காய்ந்திருந்த பசையை உதிர்த்தான். நடுப்புள்ளியில் சின்னத் தோட்டாக்கள் போட்ட துளைகளைக் காகிதம் ஒட்டி மூடிய பசை அது. உதைக்குப் பயந்து நித்தியானந்தன் சுட்ட பெரிய தோட்டா ஒன்றுகூடப் பலகையில் பட்டிருக்கவில்லை.